பந்தைக் கொடுக்கும் தருணம்

நமது கிராமங்களில் அறுவடை முடிந்த தரிசிலும், நீர் வற்றிய ஏரி உள்வாயிலும், பள்ளித் திடலிலும் மாலை வேளைகளில் இளைஞர்கள் கால்பந்து ஆடுவதைக் காண்கிறோம். அவர்களிடம் ஓட்டம் இருக்கிறது, உடல் வலிமை இருக்கிறது, ஊக்கத்திற்கும் குறைவில்லை. ஆயினும் முறையாகப் பயின்ற அணியை எதிர்க்கும்போது பெரும்பாலும் தோற்றே திரும்புகிறார்கள். இதற்குக் காரணம் யாது? 'பாஸ்' என்று சிறுவரும் அறிந்த செயலை, அதாவது பந்தைத் தம் அணித் தோழருக்குக் கொடுப்பதை, உரிய தருணத்தில் செய்யாமையே முதற்காரணம் என்பது நமது கருத்து. அத்தருணத்தை அறிவிப்பது எதிரணி ஆட்டக்காரர் நிற்கும் தூரமே ஆகும். அத்தூரத்தைக் கண்ணால் அளந்தறியும் வழியை இங்கு ஆராய்வோம்.

சென்ற ஆண்டு நமது ஒன்றியத்தில் நடந்த பந்தயம் ஒன்று இதனை எழுதத் தூண்டிற்று. முன்னணியில் ஆடிய இளைஞர் ஒருவர், உழவர் வீட்டுப் பிள்ளை, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். இடப்புறம் தனித்து நின்ற தோழர் குரல் கொடுத்தும் அவர் கொடுக்கவில்லை. எதிராளி ஒரு தப்படி தூரத்திற்கு வந்த பின்னரே உதைக்க முற்பட்டார். இருவர் கால்களும் ஒருசேரப் பந்தில் மோதின. அவருடைய கணைக்கால் எலும்பு முறிந்தது. நடவுக் காலம் முழுவதும் அவர் கட்டிலில் கிடக்க, வயது முதிர்ந்த தந்தையார் சேற்றில் இறங்க நேர்ந்தது. எதிராளி மீது குற்றம் எதுவும் இல்லை. அவர் பந்தையே நாடி வந்தார். கோப்பையும் சட்டையும் வாங்கிக் கொடுத்த நாம், ஆட்டத்தைக் கற்பிக்க ஒருவரை ஏற்பாடு செய்யவில்லையே என்னும் வருத்தம் இன்றும் நமக்கு உண்டு.

மடை மாற்றும் கணக்கு

உழவர்களுக்கு இப்பாடம் புதிதன்று. வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் கடைவரப்பு நிரம்பும் வரை காத்திருந்து மடையை மாற்றுவதில்லை. வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும் நீரும் வந்து சேரும் என்பதைக் கணக்கிட்டுச் சற்று முன்னரே மாற்றுகிறார். மிக முந்தினால் வயல் காயும். பிந்தினால் வரப்பு உடையும். பந்தைக் கொடுப்பதும் அத்தகையதே. எதிராளி இப்போது எங்கே நிற்கிறார் என்பது மட்டும் போதாது. பந்து நம் காலை விட்டு நீங்கும்போது அவர் எங்கே இருப்பார் என்பதையும் கணக்கிட வேண்டும். இதற்கு மூன்று தூரங்களை அறிதல் வேண்டும்.

முதல் தூரம்: நமக்கும் எதிராளிக்கும் இடையே

உடல்நலமுள்ள ஓர் இளைஞர் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு நொடிக்கு 5 முதல் 7 மீட்டர் வரை கடக்கிறார். வருகின்ற பந்தை ஒரு முறை தொட்டு அடக்கி, மறுமுறை தொட்டு அனுப்புவதற்குப் புதிதாகப் பயில்வோர்க்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஆகவே ஐந்து, ஆறு மீட்டர் தூரத்திலிருந்து எதிராளி பாய்ந்து வருவாராயின், பந்து வந்த பிறகு யோசிப்பதற்கு நேரம் இல்லை. முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இதனைக் கேட்டு, பந்து கிடைத்தவுடன் கொடுத்துவிடுவதே நலம் என்று எண்ணுவதும் தவறு. எதிராளி பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே கொடுத்தால், அவர் நம்மை விட்டுப் பந்து செல்லும் திசையில் திரும்பித் தோழரை நெருக்குவார். நமது பங்கு எதிராளியை நம்மிடம் ஈர்ப்பது. அவர் நம்மை நோக்கி வந்து, இனித் திரும்ப இயலாது என்ற நிலையை அடைந்ததும் பந்து போய்விட வேண்டும். தொடக்கத்தில் இக்கணக்கைக் கொள்ளலாம்: எதிராளி நின்று காத்திருப்பாராயின் மூன்று தப்படி தூரத்திலும், பாய்ந்து வருவாராயின் ஆறு தப்படி தூரத்திலும் கொடுக்க வேண்டும். பழகப் பழக ஒவ்வொருவரும் தத்தம் கால் திறனுக்கு ஏற்ப இதனைத் திருத்திக்கொள்வர்.

இரண்டாம் தூரம்: பெறுபவருக்கும் எதிராளிக்கும் இடையே

பெறுகின்ற தோழரை ஒட்டி எதிராளி நிற்பாராயின், எதிராளிக்கு எட்டாத பக்கத்துக் காலுக்கு அனுப்ப வேண்டும். தோழரைச் சுற்றி வெற்றிடம் இருந்தால், அவர் ஓடிச் சென்று எடுக்குமாறு முன்னே அனுப்பலாம்.

பெறுபவரும் சும்மா நிற்றல் ஆகாது. 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6–3 என்ற கணக்கில் வென்றது. அதுவரை ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் இங்கிலாந்து தன் மண்ணில் தோற்றதில்லை. ஹங்கேரியின் நடு முன்னணியில் ஆடிய ஹிடக்குட்டி, வழக்கப்படி எதிரணியின் பின்னணிக்கு அருகே நில்லாமல் நடுக்களத்துக்குப் பின்வாங்கி நின்றார். அவரைக் காக்க வேண்டிய இங்கிலாந்து ஆட்டக்காரர் திகைத்தார். பின்தொடர்ந்தால் முதுகுப்புறம் வெற்றிடமாகும். நின்ற இடத்தில் நின்றால் ஹிடக்குட்டி தனித்து நிற்பார். அந்தச் சில மீட்டர் தூரத்தைக் கொண்டே ஹங்கேரியர் பந்தைத் தடையின்றிக் கொடுத்து வாங்கினர். ஹிடக்குட்டி மட்டும் மூன்று கோல்கள் போட்டார்.

மூன்றாம் தூரம்: பந்து செல்லும் வழிக்கும் எதிராளிக்கும் இடையே

பலரும் மறப்பது இதுவே. 15 மீட்டர் தூரத்தில் தோழர் நிற்கிறார். வழியின் நடுவே, இரண்டரை மீட்டர் விலகி ஓர் எதிராளி நிற்கிறார் என்று கொள்வோம். பந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தரையோடு சென்றால் முக்கால் நொடியில் அவரைக் கடக்கும். கண்டு உணர்வதற்கே அவருக்குக் கால் நொடி ஆகும். மீதமுள்ள அரை நொடியில், நின்ற நிலையிலிருந்து காலை நீட்டினாலும் ஒன்றரை மீட்டர் எட்டுவதே அரிது. பந்து தோழரைச் சேரும். அதே பந்தைப் பாதி வேகத்தில் உருட்டினால், நடுவழியை அடைய ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் எதிராளி மூன்று மீட்டருக்கு மேல் வந்து பந்தைப் பறித்துவிடுவார். தூரம் ஒன்றே, வேகம் மாறியதால் பயன் மாறியது. எதிராளி வழிக்கு அருகில் நிற்க நிற்க, பந்து விரைந்து செல்ல வேண்டும். மிக அருகில் நின்றால் வேறு வழியையே நாட வேண்டும்.

கண்ணுக்குப் பயிற்சி

தூரத்தை அளக்கும் கண் பிறவியில் வருவதன்று, பயிற்சியால் வருவது. கால்பந்துச் சட்டப்படி, தனி உதை எடுக்கும்போது எதிரணியினர் 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும். களத்தின் நடுவட்டத்தின் ஆரமும் அதுவே. நம் கணக்கில் சுமார் பன்னிரண்டு தப்படி. ஒருவரை நடுப்புள்ளியிலும் மற்றொருவரை வட்டக் கோட்டிலும் நிறுத்தினால், அத்தூரம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பது மனத்தில் பதியும். பின்னர் ஆறு தப்படியையும் மூன்று தப்படியையும் சுண்ணாம்பால் குறித்துப் பார்க்கச் செய்யலாம்.

அடுத்து, பன்னிரண்டு தப்படிச் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நால்வர் நின்று பந்தைக் கொடுத்து வாங்க, நடுவே இருவர் அதனைப் பறிக்க முயலட்டும். பறிகொடுத்தவர் நடுவே செல்ல வேண்டும். பத்து நிமிட நேரத்தில் மூன்று தூரங்களையும் இவ்விளையாட்டு கற்பித்துவிடும். பந்து தம்மிடம் வருவதற்கு முன்பே இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்குமாறு பழக்குதல் மிக அவசியம். பந்தை மட்டும் பார்ப்பவருக்கு எதிராளியின் தூரம் தெரியாது.

ஐதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியர் சையது அப்துல் ரகீம் 1950 முதல் 1963 வரை இந்திய அணியின் பயிற்சியாளராக விளங்கினார். பந்தைக் காலிலேயே தட்டிக்கொண்டு செல்லாமல் உடனுக்குடன் கொடுக்கும் வழக்கம் வளர்வதற்காக, அவ்வாறு தட்டிச் செல்வதையே தடை செய்து போட்டிகள் நடத்தினார். அவரது பயிற்சியில் இந்தியா 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுகளில் தங்கப் பதக்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் பெற்றது. வாரம் ஒரு நாள் நம் ஊரிலும் இவ்விதியுடன் ஆடச் செய்யலாம். இதற்குப் பணச் செலவு சிறிதும் இல்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஆம் ஆண்டில் தொடங்கியது. பொருள் அறையில் பூட்டப்பட்டிருந்தால் பயன் இல்லை. மாலைதோறும் திடலுக்கு வர வேண்டும். திடலில் முள்ளும் கல்லும் அகற்றிச் சமன்செய்து கோடுகள் இட வேண்டும். மேடுபள்ளமான தரையில் பந்தின் வேகத்தைக் கணிக்க எவராலும் இயலாது. அருகிலுள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை வாரம் ஒருமுறையேனும் அழைத்தல் நன்று. கணைக்கால் காப்பு அணிவது கால்பந்துச் சட்டத்திலேயே கட்டாயம். அதின்றி எவரையும் களம் இறங்க விடலாகாது. பெண்களுக்கும் திடலில் நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசிய வாகை சூடியதை நினைவில் கொள்வோமாக.

கால் முறிந்த அவ்விளைஞர் இப்போது குணமடைந்து, மாலையில் சிறுவர்களுக்குச் சுண்ணாம்புக் கோடு இட்டுக் கொடுக்கிறார். "ஆறு தப்படி வந்தாச்சு, கொடுடா தம்பி" என்று அவர் கூவுவதை நாமே கேட்டோம். ஒவ்வோர் ஊர்த் திடலிலும் அக்குரல் ஒலிக்க வேண்டும். காலம் அறிந்து கொடுக்கும் பழக்கம் ஆட்டத்தையும் வளர்க்கும். நம் பிள்ளைகளின் கால்களையும் காக்கும்.