அரைச் சொட்டு டீசல்

டீசல் என்றால் எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் ஒரு ஜெர்மன் பொறியாளர். 1858-இல் பிறந்தவர். அவர் செய்த என்ஜினுக்கு அவர் பெயரே வந்தது. அதில் ஊற்றும் எண்ணெய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஆலைகளில் நீராவி என்ஜின்கள் ஓடின. பெரிய முதலாளிகளால்தான் அவற்றை வாங்க முடிந்தது. சிறு பட்டறைக்காரர்கள் போட்டி போட முடியாமல் நொடித்துப் போனார்கள். கைத்தொழில் செய்பவரும் வாங்கி ஓட்டக்கூடிய ஒரு சின்ன என்ஜின் வேண்டும் என்று டீசல் ஆசைப்பட்டார்.

1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய என்ஜின் சோதிக்கப்பட்டது. எண்ணெயில் உள்ள வெப்பம் 100 பங்கு என்றால், அதில் 26 பங்கை அது வேலையாக மாற்றியது. சாதாரண நீராவி என்ஜினில் 10 பங்கு கிடைப்பதே பெரிது. எல்லோரும் வியந்தார்கள். ஆனால் சின்ன என்ஜின் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. ஏன்?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். டீசல் என்ஜின் இந்த வழியில்தான் ஓடுகிறது. அதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தி அழுத்தித் தீ பிடிக்கும் அளவுக்குச் சூடாக்குகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைத் தூவினால் அது தானே எரிகிறது.

தூவுவதுதான் கஷ்டம். உள்ளே இருக்கும் காற்று, வெளிக் காற்றைப் போல முப்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து டீசல் உள்ளே போக வேண்டும். ஊற்றினால் போதாது, பனிபோல் பொடிப்பொடியாகத் தெறிக்க வேண்டும். ருடால்ஃப் டீசல் இதற்கு வேறு காற்றின் உதவியைத் தேடினார். ஒரு கம்ப்ரஸரில் காற்றை மிகவும் அழுத்தி, அந்தக் காற்றோடு டீசலை உள்ளே ஊதினார். வேலை நடந்தது. ஆனால் என்ஜினோடு கம்ப்ரஸரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. என்ஜினின் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றது. அதனால் டீசல் என்ஜின் பெரிய ஆலைகளிலும் கப்பல்களிலும் நின்றுவிட்டது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இருந்து ருடால்ஃப் டீசல் காணாமல் போனார். பிறகு கடலில் அவர் உடல்தான் கிடைத்தது. டீசல் லாரிகள் சாலைகளில் பரவுவதை அவர் பார்க்கவில்லை.

கம்ப்ரஸரை எடுத்துவிட்டு, ஒரு சின்ன பம்பே டீசலைத் தள்ள முடியுமா? ஒரு கணக்குப் போட்டால் இது எவ்வளவு நுட்பமான வேலை என்று தெரியும். கிணற்றடியில் ஓடும் 5 எச்.பி. என்ஜினை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் தூவ வேண்டும். நிமிடத்துக்கு 750 முறை. ஒரு மணிக்கு 45,000 முறை. மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் செலவாகிறது என்றால், ஒரு முறைக்கு எவ்வளவு? ஏறக்குறைய அரைச் சொட்டுதான்! அதையும் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் தூவி முடிக்க வேண்டும்.

பலர் இதற்காகப் பாடுபட்டார்கள். ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த ராபர்ட் போஷ் கம்பெனி 1922-இல் இந்த வேலையில் இறங்கியது. 1927-இல் பம்புகளை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் லாரிகளுக்குப் போயின. 1936-இல் டீசல் காரும் விற்பனைக்கு வந்துவிட்டது.

அந்தப் பம்பின் உயிர் இரண்டு சிறு துண்டுகள். பேரல் என்ற குழாய், அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டு. இரண்டையும் சேர்த்து நம் மெக்கானிக்குகள் 'எலிமெண்ட்' என்பார்கள். பேரலின் பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியாக டீசல் உள்ளே வருகிறது. பிளஞ்சர் மேலே ஏறித் துளையை மூடுகிறது. மாட்டிக்கொண்ட டீசலுக்கு வேறு வழியில்லை. குழாய் வழியாக ஓடி நாசிலில் தெறிக்கிறது.

இனிதான் அழகான இடம். எல்லா முறையும் பிளஞ்சர் ஒரே உயரம்தான் ஏறுகிறது. அப்படியானால் டீசல் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி? பிளஞ்சரின் உடம்பில் கூரைச் சரிவு போல ஒரு சாய்வான வெட்டு இருக்கிறது. பிளஞ்சர் ஏறும்போது அந்த வெட்டு துளைக்கு நேரே வந்ததும் துளை திறந்துவிடும். மீதி டீசல் திரும்பி ஓடிவிடும். தூவல் நிற்கும். வெட்டு சாய்வாக இருப்பதால், பிளஞ்சரைச் சிறிது திருப்பினால் துளை முன்பே திறக்கும் அல்லது தாமதமாகத் திறக்கும். திருப்புவது பல் வைத்த ஒரு கம்பி. அந்தக் கம்பியைக் கவர்னர் இழுக்கிறது. கிணற்றில் சுமை கூடி என்ஜின் மெதுவானால், கவர்னர் கம்பியை இழுத்து டீசலைக் கூட்டுகிறது. இத்தனையும் இரும்பிலேயே நடக்கிறது. மின்சாரம் வேண்டாம்.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே வாஷர் இல்லை, ரப்பர் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்கு இடைவெளிதான் இருக்கும். தலைமுடி அதைவிட இருபது மடங்கு தடிமன். இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துச் செய்கிறார்கள். ஒரு ஜோடியின் பிளஞ்சரை இன்னொன்றில் போடக் கூடாது.

இந்தியாவில் இந்த வேலைக்காக 1951-இல் மைக்கோ கம்பெனி தொடங்கப்பட்டது. 2008-இல் அதன் பெயர் போஷ் லிமிடெட் என்று மாறியது. பம்புகளும் மாறிக்கொண்டே வந்தன. 1997-இல் 'காமன் ரெயில்' முறை கார்களில் வந்தது. அதில் பம்பின் வேலை அழுத்தம் கொடுப்பது மட்டுமே. எப்போது, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. புகை குறைகிறது. ஆனால் பழுதானால் கிராமத்துப் பட்டறையில் பார்ப்பது சிரமம். சிறு பம்புசெட்டுகளில் சாய்வு வெட்டுப் பிளஞ்சர்தான் இன்றும் ஓடுகிறது.

அந்தச் சின்ன இடைவெளிக்குள் மண் துகள் போனால் கீறல் விழும். தண்ணீர் போனால் துருப் பிடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் வழவழப்பு குறைந்து தேய்ந்துவிடும். பம்புக்குத் தனி ஆயில் எங்கே இருக்கிறது? எலிமெண்டுக்கு டீசலேதான் ஆயில். தேய்ந்த எலிமெண்டில் டீசல் ஓரமாகக் கசிகிறது. என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, இழுவை குறைகிறது. நாசில் ஒழுகினால் கரும்புகை வரும். அந்தப் புகை முழுதாக எரியாத டீசல், அதாவது நம் காசு. டீசலை வடிகட்டி ஊற்றுவதும் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும் பம்பை மாற்றுவதைவிட மிகவும் மலிவு.

இந்த வகை லாரி பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமெண்ட் உண்டு. பம்ப் கடையில் அதைச் சோதனை மேசையில் மாட்டி ஓட்டுவார்கள். எதிரே அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். எல்லாக் குழாயிலும் டீசல் ஒரே கோட்டுக்கு ஏற வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் மெக்கானிக் அந்த எலிமெண்டின் திருகைத் தளர்த்தி, பிளஞ்சரைச் சற்றே திருப்பி, மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்.