மூடையின் நிறையும் நைதரசனின் அளவும்

கமக்காரர்களே,

நிறையில் ஒத்த இரு பசளை மூடைகள் பயிருக்கு ஒரே அளவு நைதரசனைக் கொடுப்பதில்லை. யூரியாவையும் அமோனியம் சல்பேற்றையும் ஒப்பிட்டு இதனை அறிந்துகொள்ளலாம்.

முட்டையை டசின் கணக்கில் எண்ணுவது போல, நுண்ணிய துணிக்கைகளை இரசாயனவியலார் மூல் கணக்கில் எண்ணுவர். எப்பொருளாயினும் ஒரு மூலில் அடங்கும் துணிக்கைகளின் தொகை ஒன்றே. நிறை மட்டும் வேறுபடும்.

ஒரு மூல் யூரியாவின் நிறை 60 கிராம். அமோனியம் சல்பேற்றின் நிறை 132 கிராம். இவ்விரண்டிலும் துணிக்கை ஒன்றுக்கு இரண்டு நைதரசன் அணுக்களே உள்ளன. ஒரு மூல் நைதரசன் அணுக்களின் நிறை 14 கிராம். ஆகவே, 60 கிராம் யூரியாவிலும் 132 கிராம் அமோனியம் சல்பேற்றிலும் உள்ள நைதரசன் 28 கிராமே. யூரியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கும், மற்றையதில் 21 பங்கும் நைதரசன் இருப்பது இதனாலேயாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. 50 கிலோகிராம் யூரியாவின் நைதரசனுக்கு 110 கிலோகிராம் அமோனியம் சல்பேற்று ஈடாகும். மூடையின் விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

2. அமோனியம் சல்பேற்றுக்குரிய அளவில் யூரியாவை இட்டால் நைதரசன் இரு மடங்குக்கு மேலாகும். நெற்பயிர் மிகையாகச் செழித்துச் சாய்ந்துவிடும்.

3. அமோனியம் சல்பேற்றில் கந்தகமும் உண்டு. யூரியாவில் அது இல்லை.

அளந்து இடுங்கள், பயன் பெறுங்கள்.