கேபிளை இறுக்கும் முன்

கியர் சைக்கிளில் டிஸ்க் பிரேக்கின் பிடிப்பு குறைந்ததும் பலரும் முதலில் கேபிளைத்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். ரிம் பிரேக்கில் அது சரி. கட்டை தேய்ந்த அளவுக்குக் கேபிளை இறுக்கினால் போதும். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் வரும் கேபிள் டிஸ்க் பிரேக்கின் அமைப்பு வேறு. அதில் வெளிப்பக்கப் பேடு மட்டும் நகரும், சக்கரத்தை ஒட்டிய உள்பேடு அசையாது. நகரும் பேடு டிஸ்க்கைச் சற்றே வளைத்து, உள்பேடின் மேல் அழுத்துகிறது. உள்பேடு தேய்ந்து இடைவெளி கூடினால், லிவரை இழுக்கும் விசை டிஸ்க்கை வளைப்பதிலேயே செலவாகும். கேபிளை இறுக்குவதால் அந்த இடைவெளி குறையாது. பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் கைதான் முன்கூட்டியே சுழன்று நிற்கும். பிரேக் போடும்போது அது நகர மிச்சம் தூரம் இருக்காது. அதனால் அழுக்கு, பேடு, இடைவெளி மூன்றையும் பார்த்தபிறகே கேபிளுக்கு வர வேண்டும்.

அழுக்கு என்று சொன்னாலும் பயப்பட வேண்டியது எண்ணெய்க்குத்தான். மண்ணும் சேறும் தண்ணீரில் போய்விடும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கில் தெறிக்கும் துளிகள் போகாது. செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. சுத்தமான துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிஸ்க்கைத் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே ஒரு பிசுக்கை விட்டுப்போகும். துடைத்த டிஸ்க்கை வெறும் விரலால் தொடாதீர்கள், விரலின் பிசுக்கு ஒட்டும்; இறக்கத்தில் வந்திறங்கிய உடனே தொட்டால் விரல் வெந்துவிடும். எண்ணெய் பட்ட பேடை உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். மேற்பரப்பு பளபளத்து இறுகியிருந்தால் அது உதவும். ஆனால் ரெசின் பேடு எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்தபின் இரண்டு நாள் நன்றாகப் பிடித்து மறுபடி நழுவும் பிரேக், தொடக்கத்திலிருந்தே பிடிக்காத பிரேக்கைவிட ஆபத்தானது. அந்தப் பேடை மாற்றிவிடுவதே நல்லது.

பேடின் உராயும் பகுதி 0.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்கிறது சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ. அதன் டிஸ்க்குகள் புதிதில் 1.8 மி.மீ. தடிமன் இருக்கும், 1.5 மி.மீ. ஆனால் கழற்றிவிட வேண்டும். புதுப் பேடு போட்டதும் பிடிப்பு குறைவாக இருப்பதைக் குறை என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஏறிய பிறகுதான் பிரேக் செட் ஆகும். ஆளில்லாத சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இதை ஏறத்தாழ 20 முறை செய்யுங்கள்.

அடுத்து இடைவெளி. காலிப்பரைச் சட்டத்தில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களையும் சற்றுத் தளர்த்துங்கள். உள்பக்கத் திருகைத் திருப்பி, உள்பேடை டிஸ்க்குக்கு மிக அருகே கொண்டுவாருங்கள். லிவரை இறுக்கிப் பிடித்தபடி போல்ட்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றினால் உரசல் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் திருகைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்புங்கள். புதுக் கேபிள் சில நாளில் தளரத்தானே செய்யும் என்று கேட்கலாம். உண்மைதான். அந்தத் தளர்வை எடுப்பதற்கே கேபிள் முனையில் திருகு இருக்கிறது; ஓரிரு சுற்றுப் போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் துருவேறி இறுகிய கேபிளை முறுக்கிப் பயனில்லை, உறையோடு மாற்றுங்கள்.

இத்தனை செய்தும் ஓட்டும் விதம் தவறினால் பிரேக் கைவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லிவரை விடாமல் பிடித்தே இறங்கினால், டிஸ்க்குக்கு ஆற நேரமே கிடைக்காது; சூடேறிய ரெசின் பேடின் பிடிப்பு பாதியில் தளரும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள்.