நீக்கிய கலமும் நீங்காத வரியும்

டேட்டாபேஸ் என்றால் கணக்குகளைச் சேமித்து வைக்கும் இடம், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அப்படி நினைத்துக்கொண்டே பலர் உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்த்து ஓய்வும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்குகளைப் பற்றிய கணக்கு ஒன்று, அதாவது எத்தனை டேபிள்கள் உள்ளன, ஒவ்வொன்றிலும் என்னென்ன கலங்கள், எந்தக் கலத்துக்கு எவ்வளவு இடம், எதை நம்பி எது நிற்கிறது என்ற விவரமெல்லாம் அடங்கிய கணக்கு, அதே டேட்டாபேஸுக்குள் சிஸ்டம் கேட்டலாக் என்ற பெயரில் இருக்கிறதென்பதை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, அதில் கைவைக்கத் துணிகிறவர்கள்மேல்தான் எனக்குத் தீராத கோபம். நெமிலியில் குடியிருந்துகொண்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப் ஒன்றில் கம்ப்யூட்டர் பொறுப்பைப் பார்த்துவரும் நான் எழுதும் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அத்தகையோரை உத்தேசித்தவை. அவர்கள் படிக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஷாப்பில் ஆதியில் இருந்தது ஃபாக்ஸ்புரோ. அதில் ஒவ்வொரு டி.பி.எஃப். கோப்பும் தன் கலங்களின் விவரத்தைத் தன் தலைப்பகுதியிலேயே, கலம் ஒன்றுக்கு 32 பைட்டு வீதம், வைத்திருக்கும். ‘பார்ட்டி நம்பர் எந்தெந்தக் கணக்கிலெல்லாம் வருகிறது?’ என்று முதலாளி கேட்டுவிட்டால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரஸுக்கு மாறியபின் அதே கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை கிடைத்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும்.

இந்தச் சௌகரியம் தற்செயலாக வந்ததன்று. ரிலேஷனல் மாதிரியை 1970-இல் உலகுக்கு அளித்த எட்கர் காட், உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் எது, பெயருக்கு மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்வது எது என்று பிரித்தறிய 1985-இல் வகுத்த விதிகளில் நான்காவது, டேட்டாபேஸைப் பற்றிய வர்ணனையும் மற்ற விவரங்களைப் போலவே டேபிள்களில் இருக்கவேண்டும், அதே மொழியிலேயே அதையும் விசாரிக்க முடியவேண்டும் என்று விதிக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய போஸ்ட்கிரஸ் இந்த விதியை மிகுந்த சிரத்தையோடு அனுசரிக்கிறது. டேபிள், இன்டெக்ஸ், வியூ ஒவ்வொன்றுக்கும் பிஜி_கிளாஸ் என்ற டேபிளில் ஒரு வரி. அவற்றின் கலம் ஒவ்வொன்றுக்கும் பிஜி_ஆட்ரிப்யூட் என்ற டேபிளில் ஒரு வரி. பிஜி_கிளாஸும் ஒரு டேபிள் ஆகையால் அதற்கும் பிஜி_கிளாஸிலேயே, 1259 என்ற எண்ணில், ஒரு வரி உண்டு. பிஜி_ஆட்ரிப்யூட்டின் எண் 1249. நாம் உண்டாக்குகிறவற்றுக்கு 16384 முதல் எண்கள் தொடங்குகின்றன. வட்டில் போய்ப் பார்த்தால் நம் டேபிளின் பெயரில் கோப்பு எதுவும் இராது. வெறும் எண்தான் இருக்கும். அந்த எண்ணை நம்முடைய ‘லாட்’ டேபிளோடு சேர்த்துவைப்பது கேட்டலாக்கிலுள்ள ஒரு வரியே. மை-எஸ்.க்யூ.எல்.லில் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை டேபிளுக்கு ஒரு எஃப்.ஆர்.எம். கோப்பு என்று தனியே கிடந்தது. அதன் அவஸ்தையைப் பட்டவர்கள் சொல்லட்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லாட் டேபிளில் எட்டுக் கலங்கள் இருந்தன: லாட் எண், வந்த தேதி, சரக்கு வகை, எண்ணிக்கை, கனம், சதுர அடி, செலக்ஷன், பார்ட்டி. ஐந்தாவதான கனத்தை, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக, இரண்டே பைட்டு பிடிக்கும் ஸ்மால்இன்ட் ரகத்தில் வைத்திருந்தோம், 1.2 மில்லிமீட்டர் என்றால் 12. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளோ கனத்தை ஒற்றை எண்ணாகக் கேட்பதில்லை, 1.2/1.4 என்று கீழெல்லையும் மேலெல்லையுமாகத்தான் கேட்கும். ஆகவே ஒன்பதாவது, பத்தாவது என்று இரண்டு புதிய கலங்களைச் சேர்த்து, பழைய கனத்தை அவற்றில் நிரப்பிவிட்டு, ஐந்தாம் கலத்தை ஆல்டர் டேபிள் கட்டளையால் முறைப்படி நீக்கினேன். பல லட்சம் வரிகள் கொண்ட டேபிளில் அது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

அவ்வளவு விரைவாக முடிந்ததன் ரகசியத்தை அறியாததுதான் பின்னால் வந்த விபரீதத்துக்கெல்லாம் காரணம். போஸ்ட்கிரஸ் நீக்கிய கலத்தின் பைட்டுகளைத் தொடுவதே இல்லை. பிஜி_ஆட்ரிப்யூட்டில் அந்தக் கலத்துக்குரிய வரியில் ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு குறி இடுகிறது, ரகத்தைச் சுழியாக்குகிறது, பெயரை அழித்து, இரு பக்கமும் எட்டெட்டுப் புள்ளிகள் சூழ ‘பிஜி.டிராப்ட்.5’ என்று ஒரு விசித்திரமான பெயரை வைக்கிறது. வரியை மட்டும் எடுப்பதில்லை. நெமிலியில் என் பாட்டனார் காலத்துக் கர்ணம் ஒரு சர்வே நம்பரை ரத்து செய்தால் அதன்மேல் கோடு கிழித்துப் பக்கத்தில் காரணம் எழுதுவாரே தவிர ஏட்டிலிருந்து தாளைக் கிழிக்கமாட்டார் என்பார்கள். 1980-இல் அந்தப் பதவியே ஒழிந்த பிறகும் அவர் கோடு கிழித்த வரிகள் வழக்குகளுக்கு உதவிக்கொண்டிருந்தன. இங்கும் அதே நியாயந்தான். பழைய லாட்டுகளின் வரிகளில் அந்த இரண்டு பைட்டு இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் கலம் எத்தனை பைட்டு, எந்த எல்லையில் தொடங்குகிறது என்ற இரண்டு விவரங்களையும் அந்தக் குறியிட்ட வரி காப்பாற்றி வைத்திருப்பதால்தான் அதைத் தாண்டிச் சென்று ஆறாம் கலமான சதுர அடியைச் சரியான இடத்திலிருந்து படிக்க முடிகிறது.

இந்த வரியைத்தான் சென்னையிலிருந்து பராமரிப்புக்கென்று அமர்த்தப்பட்ட ஸ்தாபனத்தின் பிள்ளையாண்டான் ஒரு மாலை வேளையில் ‘சுத்தம்’ செய்தான். நான் வேண்டாமென்று சொல்லாமலில்லை.

‘சார், இதெல்லாம் குப்பை சார். பேரே இல்லாத கலம், ரகமும் ஜீரோ. யார் சார் இதைத் தொடப்போறாங்க?’ என்றான்.

‘தம்பி, யாரும் தொடாதபடி வெச்சிருக்கான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்பா’ என்றேன்.

சிரித்தான். சூப்பர்யூசருடைய பாஸ்வேர்டை முதலாளி என்னிடம் கொடுக்காமல் அவர்களிடம் கொடுத்திருந்தார். உங்கள் ஷாப்பிலும் அப்படித்தான் இருக்கும். அந்த அதிகாரம் உள்ளவர் கேட்டலாக்கில் டெலீட் கட்டளை இட்டால் போஸ்ட்கிரஸ் தடுக்காது. அவன் நீக்கியது ஒரே ஒரு வரி.

மறுநாள் காலையில் லாட் டேபிளை யார் கேட்டாலும் கேட்டலாக்கில் ஒரு ஆட்ரிப்யூட் குறைகிறது என்ற பிழைச் செய்தியே வந்தது. பிஜி_கிளாஸில் இந்த டேபிளுக்குக் கலங்கள் பத்து என்று எழுதியிருக்கிறது. பிஜி_ஆட்ரிப்யூட்டில் எண்ணினால் ஒன்பது. கணக்கு உதைக்கவே டேபிளைத் திறக்கவே முடியாதென்று போஸ்ட்கிரஸ் மறுத்துவிட்டது. விவரங்கள் ஒரு பைட்டும் கெடாமல் வட்டில் இருக்கின்றன, படிக்கத்தான் வழியில்லை. இரவில் ஓடும் பிஜி_டம்ப்பும் கேட்டலாக்கைப் பார்த்தே பிரதி எடுக்கிறதாகையால் அதுவும் பாதியில் நின்றிருந்தது. முந்தின இரவின் பிரதி ஒன்றுதான் கையில். இடையிலே கழிந்த பகலோ ஆம்பூருக்கு லாரி ஏற்றிய பகல். அளவு மெஷினிலிருந்து வந்த சதுர அடிகளும், செலக்ஷன் பார்த்தவர்கள் சொல்லச் சொல்லத் தட்டிய தரங்களும் முழுக்க அந்த டேபிளுக்குள். மாறுதல் ஒவ்வொன்றையும் போஸ்ட்கிரஸ் குறித்துவைக்கும் டபிள்யூ.ஏ.எல். பதிவுகளைத் தனி டிஸ்க்கில் சேர்த்து வைத்தால் எந்த நிமிஷத்துக்கும் திரும்பிப் போகலாம் என்று நான் எழுத்து மூலமாகவே கேட்டிருந்தேன். டிஸ்க்கின் விலையைப் பார்த்து முதலாளி அதை ஒத்திப்போட்டிருந்தார். அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த ஸ்தாபனத்தார் இரண்டு யோசனைகள் சொன்னார்கள். பழைய பிரதியை ஏற்றிவிட்டு ஒரு நாள் வேலையை மறுபடி தட்டிவிடுங்கள் என்பது முதலாவது. அது அசட்டையான யோசனையே தவிர ஆபத்தானதன்று. இரண்டாவதுதான் கொடியது. பழைய பிரதியை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, அதிலுள்ள லாட் டேபிளின் பிஜி_ஆட்ரிப்யூட் வரிகளை எடுத்து இங்கே ஒட்டிவிடலாம் என்றார்கள். பிஜி_டம்ப் எடுத்த பிரதியிலிருந்து மீண்டு எழும் டேபிளில் நீக்கிய கலத்தின் சுவடே இராது. அங்கே கலங்கள் ஒன்று முதல் ஒன்பது வரை புதிதாக எண்ணிடப்பட்டிருக்கும். இங்கே ஆறாவதாக இருக்கும் சதுர அடி அங்கே ஐந்தாவது. அந்த வரிகளை இங்கே ஒட்டியிருந்தால் பழைய கனம் இருந்த இடத்தையே சதுர அடி என்று படித்திருக்கும்.

நான் செய்தது வேறு. முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும் அப்படியே வேறிடத்துக்குப் பிரதி செய்தேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் வேறெதையும் யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதலாளி பின்னால் நின்று எத்தனை தடவை மணி கேட்டாலும் செய்யுங்கள். பிறகு அந்தப் பிரதியின்மேல் சர்வரை ஓட்டி, ஒரு பிகின் கட்டளைக்குள், காணாமற்போன ஐந்தாம் வரியை இன்ஸர்ட் செய்தேன்: கல எண் 5, ரகம் சுழி, நீக்கப்பட்டது என்ற குறி, நீளம் 2, ஸ்மால்இன்டுக்குரிய அலைன்மென்ட். கேட்டலாக்கில் செய்யும் மாறுதலும் டிரான்ஸாக்ஷனுக்கு உட்பட்டதே என்பது போஸ்ட்கிரஸின் பெரிய தர்மம்; பிசகினால் ரோல்பேக் சொல்லி மீளலாம்.

நீளம் 2 என்று எப்படித் தெரிந்தது? நீளம் எவ்வளவென்று சொல்லவல்ல ஒரே வரியைத்தான் அழித்துவிட்டார்களே. டேபிள்களில் செய்யும் ஆல்டர் ஒவ்வொன்றையும் தேதியோடு நீள நோட்டில் கையால் எழுதிவைப்பது என் வழக்கம். கம்ப்யூட்டர் யுகத்தில் நோட்டா என்று அந்த ஸ்தாபனத்தார் பரிகசித்ததும் உண்டு. அந்த நோட்டு சொன்னது. ஸ்தாபனத்தின் மேலாளரோ, எண்கள் எல்லாம் நான்கு பைட்டு இன்டிஜர்தான், 4 என்றே போடுங்கள் என்று போனில் அடித்துச் சொன்னார். அவர் திருப்திக்காக அந்தப் பிரதியில் அதையும் போட்டுப் பார்த்தேன். முந்தின நாள் லாட்டுகள் எல்லாம் குற்றமின்றி வந்தன, ‘பார்த்தீர்களா?’ என்றார். கலத்தை நீக்கிய பின் எழுதப்பட்ட வரிகளில் அந்த இடம் வெறுமை என்றே குறிக்கப்படுவதால் நீளம் எதுவாயிருந்தாலும் அவை சரியாகத்தான் வரும். பழைய லாட் ஒன்றைக் கேட்டேன். சதுர அடி இரண்டு பைட்டு தள்ளிப் படிக்கப்பட்டு, வாய்க்கு வந்தபடி எதையோ உளறியது. போன் மறுமுனையில் பேச்சில்லை. 2 என்று திருத்தி, மிகப் பழைய லாட்டுகளாகப் பொறுக்கி எடுத்துக் காகித ரிஜிஸ்தரோடு ஒப்பிட்டு, எல்லாம் பொருந்திய பிறகே அசல் டேட்டாபேஸில் கைவைத்துக் கமிட் செய்தேன்.

நீக்கிய கலத்தின் வரி கண்ணை உறுத்தினால் அதைப் போக்கவும் நியாயமான வழி உண்டு. டேபிளைப் பிஜி_டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றினால் அது தானே போய்விடும். வாக்கூம் ஃபுல் போட்டால் பழைய பைட்டுகள் போகுமே தவிர கேட்டலாக்கின் வரி போகாது. நீக்கிய கலங்களும் டேபிளுக்கு 1600 என்ற உச்ச வரம்பில் சேர்த்தே எண்ணப்படுகின்றன. நம் தொழிலில் அந்த எல்லையை யாரும் தொடப்போவதில்லை.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பிஎஸ்க்யூஎல்லை ‘ஈ’ என்ற பெரிய எழுத்து ஸ்விட்சோடு திறந்தால், நீங்கள் இடும் குறுங்கட்டளைகளுக்காக அது கேட்டலாக்கை என்னென்ன கேட்கிறதென்று காட்டும். நான் படித்த பாடசாலை அதுதான். வேறு டேட்டாபேஸுக்கும் செல்லுபடியாக வேண்டுமென்றால் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவைக் கேளுங்கள். நீக்கிய கலங்களை அது காட்டாது. பிஜி_கிளாஸில் உள்ள ரெல்டூபிள்ஸ் உத்தேச எண்ணிக்கை. அதையே லாட்டுகளின் மெய்யான எண்ணிக்கையென்று முதலாளிக்கு ரிப்போர்ட்டாக அச்சிட்டுக் கொடுத்து, ஸ்டாக்கில் குறைகிறதென்று குடோன்காரரைத் திணற அடித்தவர்களும் அதே ஸ்தாபனத்தாரே. கலத்தின் பெயரை மாற்றினால் வியூக்கள் கெடுவதில்லை, அவை கலத்தை எண்ணால் அறிகின்றன. நாம் எழுதிய புரோகிராம்கள் பெயரால் அறிவதால் அவை கெடும். நீக்கும் கட்டளையோடு கேஸ்கேட் என்ற சொல்லைச் சேர்ப்பதற்குமுன், எதை நம்பி எது நிற்கிறதென்று சொல்லும் பிஜி_டிபெண்டைப் பாருங்கள்.

கேட்டலாக்கில் மாற்ற வேண்டியது எது, டேபிளின் வரிகளில் மாற்ற வேண்டியது எது என்ற விவேகமும் வேண்டும். 2019 நவம்பர் 28-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி, நெமிலியும் இராணிப்பேட்டையும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போனபோது, பார்ட்டி டேபிளில் ‘புதிய மாவட்டம்’ என்று ஒரு கலம் சேர்க்கலாமென்று யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. மாறியது விலாசம், டேபிளின் வடிவம் மாறவில்லை. ஒரு அப்டேட் போதுமானதாயிருந்தது.

சம்பவத்துக்குப் பின் ஒவ்வொரு கலத்துக்கும் காமென்ட் கட்டளையால் தமிழில் குறிப்பு எழுதிவைத்தேன். அவை பிஜி_டிஸ்கிரிப்ஷன் என்ற கேட்டலாக்கிலேயே தங்கும், பிஜி_டம்ப்பிலும் கூடவே வரும். லாட் டேபிளுக்கு எழுதியதில் கனத்தின் சரித்திரம் முழுவதும் இருக்கிறது. டிஸ்க்கும் வந்துவிட்டது, பாஸ்வேர்டு மட்டும் இன்னும் என்னிடம் வரவில்லை. அந்த மாதத்துப் பில்லில் ‘கேட்டலாக் சுத்திகரிப்பு’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு காசும் கொடுக்கலாகாதென்று நான் குறிப்பெழுதி அனுப்பினேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, ‘விடுப்பா, சின்னப் பையன்’ என்று சொல்லிப் பாதியைக் கொடுத்துவிட்டார்.