மிளகாய் விதையும் மண்பானைத் தத்துவமும்

நம் சமையலில் தவிர்க்க முடியாத மிளகாய், நம் நாட்டில் தோன்றிய செடியன்று. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்ட இதனை, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். வெப்பமான நிலத்தில் பிறந்த பயிர் ஆகையால், இதன் விதை குளிர்ந்த மண்ணில் எளிதில் முளைப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே தூவிய விதை மண்ணோடு அடித்துச் செல்லப்படும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மார்கழிக் குளிர் அதனை முளைக்க விடாது. ஆகவே வீட்டுக்குள் சிறு தொட்டியில் நாற்று வளர்த்து, பிறகு வெளியே நடுவது நல்ல வழி. ஆனால் வீட்டுக்குள் விதைத்து இரண்டு வாரமாகியும் முளை தென்படாவிட்டால், "விதை பழுது" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவோர் உண்டு. பழுது விதையிலா, நாம் அமைத்துக் கொடுத்த இடத்திலா? இதற்கு விடை காண ஒரு வெப்பமானியும் சிறிது பொறுமையும் போதும்.

விதைக்குள் நடப்பது என்ன?

ஈர மண்ணில் இட்ட விதை முதலில் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. இது வெறும் பௌதிக நிகழ்ச்சியே. உயிரற்ற விதையும் இப்படித்தான் பருக்கும். எனவே விதை உப்பியதை மட்டும் வைத்து அது முளைக்கும் என்று முடிவு கட்டக்கூடாது. இதற்கு அடுத்த கட்டத்தில்தான் உயிரின் வேலை தொடங்குகிறது. என்சைம்கள் விதையில் சேமித்துள்ள உணவைச் சிதைத்துக் கருவுக்கு அளிக்கின்றன. இந்த வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது.

மண்ணின் வெப்பநிலை 25° முதல் 30° செ. வரை இருந்தால் மிளகாய் விதை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் முளைக்கும். 20° செ. அளவில் இரண்டு, மூன்று வாரங்கள்கூட ஆகலாம். 15° செ.-க்குக் கீழே பெரும்பாலும் முளைப்பதில்லை. 35° செ.-க்கு மேலே போனாலும் முளைப்பு குறையும்.

இங்கு நாம் குறிப்பிடுவது மண்ணின் வெப்பநிலையை. அறைக் காற்றின் வெப்பநிலையை அன்று. இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். அல்ல என்பதை உங்கள் வீட்டு மண்பானையே சொல்லும்.

தொட்டி ஏன் குளிர்கிறது?

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. இதனையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இந்த வெப்பத்தின் பெரும்பகுதி பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுக்கப்படுவதால் தண்ணீர் குளிர்கிறது.

சுட்ட மண்ணாலான பூந்தொட்டியும் ஒரு பானைதான். அதில் 500 கிராம் ஈரமண் இருப்பதாகக் கொள்வோம். அதன் வெப்ப எண் சுமார் 0.4 எனில், 1° செ. குளிர 200 கலோரி இழந்தால் போதும். 10 கிராம் நீர் ஆவியானால் செலவாவது 5,800 கலோரி! அத்தனையும் மண்ணிலிருந்தே போனால் வெப்பநிலை 29° குறைய வேண்டும். உண்மையில் அப்படி நேர்வதில்லை. மண் குளிரக் குளிர, சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பம் உள்ளே பாய்கிறது. இழப்பும் வரவும் சமமாகும்போது வெப்பநிலை நிலைபெறுகிறது. ஆயினும் காற்று வறண்டிருந்தால், மண் அறையைவிடச் சில பாகைகள் குளிர்ந்தே இருக்கும். 22° செ. உள்ள அறையில் விதைக்கு அந்தச் சில பாகைகளே பெரிய இழப்பு.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மண்தொட்டி, மற்ற இரண்டும் அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். ஒரே பழுத்த மிளகாய் வகையின் விதைகளைக் கலத்துக்கு 20 வீதம், அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்றுக்கும் சம அளவு நீர் தெளியுங்கள். டப்பாக்களில் ஒன்றை மட்டும் கண்ணாடித் துண்டால் மூடுங்கள். மூன்றையும் வெயில் நேரே படாத ஒரே இடத்தில் வையுங்கள். மூடிய டப்பாவில் வெயில் பட்டால் விதை வெந்துவிடும்!

காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் மண்ணின் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது; அதன் அளவுகோல் 35° செ. அருகில்தான் தொடங்கும். ஆய்வுக்கூட வெப்பமானியே வேண்டும்.

ஒவ்வொரு நாளும் முளைத்தவற்றை எண்ணுங்கள். நம் நாட்டில் சான்று பெற்ற மிளகாய் விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு முளைப்புத்திறன் 60 சதவீதம். அதாவது 20க்கு 12. மூடிய டப்பாவில் முன்னதாகவும் மண்தொட்டியில் பிந்தியும் முளைத்தால், தாமதத்துக்கு விதையைக் குறை கூற இயலாது. மண் 25° செ.-க்கு மேல் இருந்தும் மூன்று வாரத்தில் எந்தக் கலத்திலும் ஒன்றுமே முளைக்காவிட்டால், அப்போது விதையை ஐயுறலாம். 12க்கும் 11க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எண்ணவேண்டாம். 20 விதைகளில் அது தற்செயலாகவே நேரக்கூடும்.

முளைத்த பின்

முளை தலைகாட்டியதும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். ஈரம் தேங்கினால் பித்தியம் என்னும் நுண்ணுயிரி நாற்றழுகல் நோயை உண்டாக்கும். தண்டு தரையை ஒட்டி அழுகி, நாற்று சாய்ந்துவிடும்.

இனி வேண்டியது வெளிச்சம். வெளியே நேர்வெயிலில் ஒளிச்செறிவு ஒரு லட்சம் லக்ஸ் அளவு இருக்க, வீட்டின் நடுவில் சில நூறு லக்ஸே இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. செடி ஏமாறாது. வெளிச்சம் போதாத நாற்று வெளுத்து, நெடுநெடுவென வளர்ந்து, சன்னலை நோக்கி வளையும். முளையின் நுனியே ஒளியை உணர்கிறது என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளைகளின் நுனியை மூடிப் பார்த்து 1880இல் எடுத்துக்காட்டினர். எனவே நாற்றைச் சன்னலோரம் வைத்து, நாள்தோறும் அரைச்சுற்றுத் திருப்பி வையுங்கள். பிறகு ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஏறத்தாழ 40ஆம் நாளில் நடலாம்.

மண்தொட்டியே கூடாது என்று இதற்குப் பொருளன்று. சித்திரை வெயிலில் அறை 36° செ. ஆகும்போது மூன்று கலங்களில் எது விதைக்கு உகந்தது? அடைமழை நாளில், காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, அவற்றின் வெப்பநிலை வேறுபாடு கூடுமா, குறையுமா? முதலில் சிந்தித்து விடையை எழுதி வையுங்கள். பிறகு வெப்பமானியைக் கேளுங்கள்.