கழித்தல் 999.99

அன்பு மகளே,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் பாரோ நிலையத்தின் கரியமில வாயுக் கணக்கை இணையத்திலிருந்து இறக்கி, அப்படியே எக்செல்லில் போட்டிருக்கிறாய். 400க்குப் பக்கத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கோடு திடீர் திடீரென்று தலைகுப்புற விழுகிறது. ‘சித்தப்பா, காற்று எப்படிக் கழித்தல் 999.99 ஆகும்? அந்த வரிகளை அழித்துவிடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறாய்.

அழிக்காதே. சராசரி எடுக்கும்போது ஒதுக்கி வைத்தால் போதும். அது காற்றின் அளவே இல்லை. அந்த மணி நேரத்துக்கு அளவு கிடையாது என்பதற்கான அடையாளம். கரியமில வாயு ஒருக்காலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் யாரும் ஏமாந்துவிட மாட்டார்கள் என்றுதான் அப்படி ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். நார்வேக்காரர்களின் கோப்புகளில் இன்னும் வம்பு. அங்கே 99.99, 999.999 என்று ஒன்பதுகளாக அடுக்கியிருப்பார்கள். அது சில சமயம் உண்மையான அளவு போலவே நடிக்கும். எந்த எண் ‘இல்லை’யைக் குறிக்கிறது என்பதைக் கோப்பின் தலைப்பு வரிகளில் எழுதியிருக்கிறார்கள். நீ அந்த வரிகளைத் தாண்டிக் குதித்து நேரே எண்களுக்குப் போய்விட்டாய். உன் வயதில் எல்லோரும் செய்வதுதான். என் வயதிலும் பலர் செய்கிறார்கள்.

ஆகவே இந்தக் கடிதத்தில் எண்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. எண்களுக்கு மேலேயும் பக்கத்திலும் எழுதியிருப்பதைப் பற்றித்தான்.

பாரோ நிலையம் 1973 முதல் இயங்குகிறது. நடத்துவது நோவா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பு. பக்கத்து ஊர் 2016-ல் உட்கியாக்விக் என்ற தன் பூர்வீகப் பெயருக்குத் திரும்பிவிட்டது, ஆனால் கோப்புகளில் இன்னும் பழைய பெயரின் மூன்றெழுத்துதான். தேடும்போது நினைவில் வைத்துக்கொள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் குளிர் காரணம் இல்லை, காற்றுதான். நிலையம் ஊருக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி போஃபோர்ட் கடலிலிருந்து காற்று வீசுகிறது. பல நாள் பனியின் மேலேயே பயணம் செய்து வரும் காற்று அது, எந்த வீட்டின் புகையும் அதில் கலந்திருக்காது. ஆனால் காற்று திரும்பி ஊர்ப்பக்கமிருந்து அடித்தால்? வண்டிப்புகை, மின்நிலையப்புகை எல்லாம் கருவிக்குள் போகும். கருவி அதையும் சரியாகத்தான் அளக்கும்.

இதற்குத்தான் அளவுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து இடங்கள் விட்டிருக்கிறார்கள். மூன்றிலும் புள்ளி இருந்தால் குறையில்லை. முதல் இடத்தில் புள்ளிக்குப் பதில் வேறு எதுவும் இருந்தால் அளவே செல்லாது. இரண்டாம் இடத்தில் இருந்தால், அளவு சரி, ஆனால் அது வடதுருவத்துப் பொதுவான காற்று இல்லை. மூன்றாவது வெறும் தகவல். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாம் இடம்தான். உலகத்தின் போக்கு என்ன என்று கேட்பவனுக்கு அந்த வரி வேண்டாதது. ஓர் ஆர்க்டிக் சிற்றூர் எவ்வளவு புகை விடுகிறது என்று கேட்பவனுக்கு அதுதான் முதல். ஒருவர் தள்ளியது இன்னொருவருக்குத் தேவைப்படலாம் என்று தெரிந்தே, தூக்கி எறியாமல் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். நீ அழித்திருந்தால் இதுவும் போயிருக்கும்.

மணிக்கணக்குக் கோப்பைத் தவிர, வாரம் ஒருமுறை கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்து, கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகர ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. பிடிப்பவர் காற்று வரும் திசையை நோக்கி நின்று, மூச்சை அடக்கிக்கொள்வார். மனிதர் விடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமில வாயு. வெளிக்காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்குதான். ஒரு பெருமூச்சு போதும், அந்த வாரம் கெட்டுப்போகும். அதனால் எப்போதும் இரண்டு குடுவைகள். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் தள்ளிவிடுவார்கள். அந்தக் குடுவைக் கோப்பில் ஒரு வரி என்றால், பனியில் ஒருவர் மூச்சடக்கி நின்றார் என்று பொருள்.

இன்னொரு சங்கதி. நீ இறக்கிய அதே கோப்பை உன் சீனியர் யாராவது 2020-ல் இறக்கியிருந்தால், அவரிடம் இருக்கும் 2010-ஆம் ஆண்டு எண்ணும் உன்னிடம் இருப்பதும் ஒன்றாக இராது. பயப்படாதே, யாரும் திருத்தி ஏமாற்றவில்லை. கடையில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை வைப்பதுபோல, உலகத்தின் கரியமில வாயுக் கருவிகளுக்கெல்லாம் போல்டரில் இருக்கும் சில சிலிண்டர்கள்தான் படிக்கல். அந்த அளவுகோலை 2021-ல் புதுப்பித்தார்கள். 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்ற இடத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 0.18 மட்டுமே. இருந்தாலும் பழைய எண்கள் அத்தனையையும் புதுக் கணக்குக்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். எந்த நாளில் இறக்கினாய், எந்த அளவுகோல், எந்தப் பதிப்பு என்பதை உன் நோட்டில் முதலில் எழுது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்துவிட்டு, ‘இங்கே திடீர் உயர்வு’ என்று கண்டுபிடிப்பு அறிவித்துவிடாதே!

சரி, ‘இல்லை’ என்ற எண்ணைப் பார்த்தோம். இனி நிஜமான பூஜ்யம்.

கனடாவின் அலர்ட் நிலையம் 82.5 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் தரையொட்டிய காற்றிலுள்ள ஓசோன் சில நாட்களில் சரிந்துவிடுகிறது. வழக்கமாக நூறு கோடியில் முப்பது, நாற்பது பங்கு இருக்கும் இடத்தில் அனேகமாக ஒன்றுமே இல்லாமல் போகும். உன்னைப் போல மேசையில் உட்கார்ந்து பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, கருவி கெட்டுவிட்டது என்பதுதான். லியோனார்ட் பாரி தலைமையிலான குழு அதைத் தள்ளிவிடவில்லை. அதே நாட்களில் வடிகட்டியில் பிடிபட்ட புரோமினோடு வைத்துப் பார்த்தது. ஓசோன் இறங்கும்போதெல்லாம் புரோமின் ஏறியிருந்தது. கடலுப்பிலிருந்து வரும் புரோமின், சூரிய ஒளி பட்டதும் ஓசோனை அழிக்கிறது. 1988-ல் இதை வெளியிட்டார்கள். அதே அலர்ட்டில் 1995 வசந்தத்தில் அளந்தபோது காற்றிலிருந்த பாதரசமும் ஓசோனோடு சேர்ந்தே இறங்கியது. 1998-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பாதரசம் மறைந்துபோகவில்லை, உருமாறிப் பனியில் படிகிறது. அந்தப் பனி உருகிச் சேரும் நீரில் மீன் இருக்கிறது, அந்த மீனையும் அதைத் தின்னும் சீலையும் உண்ணும் இன்யூட் மக்கள் இருக்கிறார்கள். சந்தேகத்துக்குரிய பூஜ்யம் ஒன்றைத் தூக்கிப் போடாததால் இவ்வளவு தெரிந்தது.

இப்போது நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு வா. அங்கே நீ-ஓலசுன் என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் நடந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள், சுரங்கத்தை மூடினார்கள். இன்று அது ஆராய்ச்சியாளர்களின் ஊர். நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்க் கடற்கழியில் 2014-ல் இறக்கிய இந்தியாவின் நங்கூரமிட்ட கருவித்தொகுதியை வடிவமைத்ததில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வேளச்சேரிக்குப் போகும்போது அந்தக் கட்டடத்தை எத்தனை தடவை கடந்திருப்பாய்! ஆனால் நான் சொல்ல வந்தது ஊருக்கு மேலே, 474 மீட்டர் உயரத்தில் இருக்கும் செப்பலின் நிலையம். ஆட்கள் கேபிள் காரில் ஏறிப்போகிறார்கள். ஊர்ப்புகை பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும், மேலே வருவது தூரதேசத்துக் காற்று.

2006 ஏப்ரல் கடைசி, மே முதல் வாரங்களில் செப்பலினின் அளவுகள் அதுவரை காணாத உயரத்துக்குப் போயின. கரித்துகள், ஓசோன், காற்றின் மங்கல் எல்லாமே. தெளிவாகத் தெரியும் மலைகள் புகைமூட்டத்தில் மறைந்தன. பனிப்பாறையின் மேல் விழுந்த பனி நிறம் மாறியிருந்தது. தீவில் எதுவும் எரியவில்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பெலாரஸ், உக்ரைன், மேற்கு ரஷ்யா, பால்டிக் நாடுகள் ஆகிய இடங்களில் விவசாயிகள் விதைப்புக்கு முன் வயலின் காய்ந்த தாளைக் கொளுத்தியிருந்தார்கள். அந்த ஆண்டு ஆர்க்டிக்கின் ஐரோப்பியப் பக்கம் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்ததால், புகை தடையில்லாமல் வடக்கே ஏறிவிட்டது. ஆண்ட்ரியாஸ் ஸ்டோல் குழு 2007-ல் இதை விளக்கியபோது கையில் இருந்தவை மூன்று: நிலையத்தின் அளவுகள், தீயிடங்களைக் காட்டும் செயற்கைக்கோள் பதிவுகள், காற்று வந்த வழியைப் பின்னோக்கிச் சொல்லும் கணினிக் கணக்கு. அளவுகளும் பதிவுகளும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரியத்துக்காகச் சேர்த்தவை. பூட்டி வைக்காததால் ஒன்றாகச் சேர்ந்தன. திறந்த தரவு என்று மேடையில் பேசுகிறார்களே, அதன் பயன் எனக்கு இந்தப் புகையில்தான் புரிந்தது.

செப்பலினின் அளவுகள் நார்வேயின் நீலு நிறுவனம் நடத்தும் ஈபாஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பசுங்குடில் வாயுக்களை உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்து வைப்பது ஜப்பான் வானிலைத் துறை. இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை.

எல்லாம் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதே. ஆர்க்டிக் நிலத்தில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவுடையது. சைபீரியக் கரையில் டிக்ஸி என்ற இடத்தில் 2010-ல் ரஷ்யா, அமெரிக்கா, பின்லாந்து மூன்றும் சேர்ந்து ஒரு நிலையத்தைத் திறந்தன. உக்ரைன் போர் தொடங்கிய 2022-க்குப் பிறகு இத்தகைய கூட்டுவேலை பெரும்பாலும் நின்றுபோனது. நிரந்தர உறைமண் உருகி மீத்தேன் வெளியேறுகிறதா என்று உலகமே கவலைப்படும் பரப்பில், ஓட்டை இருப்பது சரியாக அங்கேதான். அதற்குக் கழித்தல் 999.99 என்ற குறிகூடக் கிடையாது. வெறும் வெள்ளை. போரின் கணக்கில் யாரும் சேர்க்காத நஷ்டம் இது.

உன் புராஜெக்டுக்கு என் யோசனை: பாரோ, ஹவாயின் மௌனா லோவா, தென்துருவம் ஆகிய மூன்று இடத்துக் கரியமில வாயுவையும் ஒரே தாளில் வரை. மூன்றும் ஏறும், அது நீ அறிந்ததுதான். ஆண்டுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தைப் பார். பாரோவில் வசந்தத்தின் உச்சத்துக்கும் ஆகஸ்ட் பள்ளத்துக்கும் நடுவே பதினைந்து பிபிஎம்முக்கு மேல் வரும். மௌனா லோவாவில் ஆறு, ஏழு. தென்துருவத்தில் ஒன்றிரண்டு. பாரோவில் ஒரு மரம்கூடக் கிடையாது. சைபீரியா, கனடா காடுகள் கோடையில் கரியமில வாயுவை இழுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் காற்று அங்கே வந்து சேர்கிறது. 1960-களின் தொடக்கத்திலிருந்து ஆர்க்டிக்கில் அந்த ஏற்ற இறக்கமே சுமார் 40 சதவீதம் பெரிதாகிவிட்டது என்று சார்லஸ் கீலிங் குழு 1996-ல் காட்டியது. நீ புள்ளியியல் படிப்பவள். அதற்குப் பிறகு அது என்ன ஆயிற்று என்பதை நீயே கணக்கிட்டுப் பார்.

தொடங்கும் முன் ஒன்று செய். பாரோ கோப்பின் தலைப்பில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தரவு யாருக்கும் இலவசம், ஆனால் கட்டுரைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், அளந்தவர்களுக்கு உரிய பெயரைக் கொடுங்கள் என்கிறார்கள். சட்டத்தை நீட்டவில்லை, உன் நாணயத்தை நம்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மின்னஞ்சல் முகவரியும் உண்டு. இன்ன கல்லூரி, இன்ன கேள்வி என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டு வரையத் தொடங்கு.

அன்புடன்,
சித்தப்பா