மின் சாய்விருக்கை அசையாவிட்டால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆர்.வி. எனப்படும் அமெரிக்க வீட்டு வண்டிகளில், பொத்தானை அழுத்தினால் சாயும் மின் இருக்கைகள் இன்று சர்வசாதாரணம். அது ஒருநாள் அசையாமல் நின்றுவிட்டால், 'மோட்டார் போய்விட்டது' என்றே பலரும் முடிவுகட்டுகிறார்கள். பல நேரம் மோட்டார் நன்றாகவே இருக்கும். அதற்கு வரவேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ தடைபட்டிருக்கும். ஆகவே மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒருவகை இருக்கை வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து நேரே ஓடும். மற்றொரு வகை 120 வோல்ட் பிளக்கில் செருகிய அடாப்டரால் ஓடும். அந்த அடாப்டர் பெரும்பாலும் 29 வோல்ட் டி.சி. தரும்.

'பாட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறது, இருக்கை ஓடியே ஆக வேண்டும்' என்பது முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும். அடாப்டரில் ஓடும் இருக்கைக்கு 120 வோல்ட் வேண்டும். முகாமின் மின் இணைப்போ ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ அதைத் தர வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டர் எல்லா அறைக்கும் லைன் கொடுக்காதது போலவே, வண்டியின் இன்வெர்ட்டரும் எல்லா பிளக் பாயின்ட்டுக்கும் கொடுப்பதில்லை. குளியலறையிலோ சமையல் மேடையருகிலோ உள்ள, மின்கசிவைக் கண்டால் டிரிப் ஆகும் பிளக் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் உள்ள பிளக்குக்கு அதன் வழியாகவே லைன் போயிருக்கலாம். அப்படியானால் அதிலுள்ள ரீசெட் பொத்தானை அழுத்தினாலே வேலை முடிந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது இன்னொரு நம்பிக்கை: 'கப் வைக்கும் குழியில் விளக்கு எரிகிறதே, மின்சாரம் வரத்தானே செய்கிறது?' எல்.இ.டி. விளக்குக்குச் சில மில்லிஆம்பியர் போதும். ஆளைச் சுமந்த இருக்கையைத் தள்ளும் மோட்டாருக்கு ஆம்பியர் கணக்கில் வேண்டும். களிம்பு பிடித்த கனெக்டரும் தளர்ந்த எர்த் இணைப்பும் விளக்குக்குப் போதுமானதை விட்டுவிடும், மோட்டாருக்கானதை விடாது. மல்டிமீட்டரும் இங்கே ஏமாற்றும். 12 வோல்ட் இருக்கையின் கனெக்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும். லோடு கொடுத்துப் பார்ப்பதே சரியான சோதனை. ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் மீட்டரைக் கவனிக்க வேண்டும். இருக்கையருகே அளவு 8, 9 வோல்ட்டுக்குச் சரிந்து, அதே நேரத்தில் பாட்டரி முனையில் 12.5 நின்றால், கோளாறு இடையிலுள்ள வயரில். இரண்டு இடத்திலும் சரிந்தால் பாட்டரியில். இரண்டு இடத்திலும் சரியாமல் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் சுவிட்சையோ மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். வண்டியிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதியில் இருக்கை இருந்தால், வயர் ஒவ்வொரு முறையும் மடிந்து விரியும் இடத்தைக் கட்டாயம் தடவிப் பார்க்க வேண்டும்.

'பாட்டரி 12 வோல்ட் காட்டுகிறது, அது நல்ல பாட்டரி' என்பதும் தவறு. ஈய-அமில பாட்டரி முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். ஓய்வு நிலையில் 12.0 என்றால் சுமார் கால்பங்கு சார்ஜ்தான் மிச்சம்.

ஆபத்தான நம்பிக்கை பியூஸைப் பற்றியது. நீல நிற 15 ஆம்பியர் பியூஸ் இரண்டு முறை எரிந்ததும் பச்சை நிற 30 ஆம்பியர் பியூஸைப் போடுவோர் உண்டு. பியூஸ் முதலில் காப்பது வயரை. பெரிய பியூஸ் போட்டால், அடுத்த முறை எரியப்போவது வயரின் உறை; அது ஓடுவதோ மரப்பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே. இதை எக்காரணத்தாலும் செய்யக்கூடாது. பியூஸ் எரிவதற்குக் காரணம் இருக்கைக்கு அடியில் தெரியும்: இரும்புச் சட்டத்தில் நசுங்கிய வயர், இடுக்கில் சிக்கிய பொம்மை அல்லது போர்வை நுனி. அடியில் கை நுழைக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட் வகையில் பியூஸை எடுத்துவிட வேண்டும்.

நடுவில் நின்றுவிட்ட மோட்டார் கருகியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வகை மோட்டார்கள் பலவற்றின் லேபிளில் 2 நிமிடம் ஓட்டம், 18 நிமிடம் ஓய்வு என்று அச்சிட்டிருக்கும். குழந்தைகள் ஏற்றி இறக்கி விளையாடினால் மோட்டார் சூடேறி நிற்கலாம், ஆறியதும் ஓடும். சில அடாப்டர்களோடு வரும் 9 வோல்ட் பாட்டரிகளும் அன்றாட ஓட்டத்துக்கானவை அல்ல. மின்சாரம் போனால் இருக்கையை ஒருமுறை நிமிர்த்தவே அவை. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

இரட்டை இருக்கையாக இருந்தால் மாற்றுச் சோதனை மிக எளிது. ஓடும் இருக்கையின் மின்இணைப்பை ஓடாத இருக்கையில் செருகினால் போதும். அது ஓடினால் குறை அடாப்டரிலோ வயரிலோ, ஓடாவிட்டால் இருக்கையிலேயே. அடுத்து சுவிட்சையும் அவ்வாறே மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகும் அசையாத மோட்டாருக்கு மட்டுமே புதியது வாங்கலாம். வாங்கும்போது பழைய மோட்டாரின் லேபிளிலுள்ள வோல்ட் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். 12 வோல்ட் மோட்டாரில் 29 வோல்ட் அடாப்டரைச் செருகினால் புது மோட்டாரும் கருகிவிடும்.